இரைப்பைத் தசையில் ஒரு கட்டி

பாலக்கோட்டில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு மூன்று மாதமாகத் தலைசுற்றல். ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டு வந்தார். மலம் கருப்பாகப் போனது. மாத்திரையால்தான் என்று விட்டுவிட்டோம். மாத்திரைக்கும் கருப்பாகப் போகும், உண்மைதான். ஆனால் இரைப்பையில் ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான். அப்போது தார் மாதிரி ஒட்டும், நாற்றமும் கடுமையாக இருக்கும். "எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் போகமாட்டேங்குதுடா" என்று அவர் சொன்ன பிறகுதான் தருமபுரிக்கு எண்டோஸ்கோப்பிக்கு அழைத்துப் போனோம்.

திரையில் தெரிந்தது வழுவழுப்பான ஒரு மேடு, உச்சியில் சிறு புண். இரைப்பைப் புற்று பெரும்பாலும் உள்சவ்வில் தொடங்கும். இது அதற்கு அடியில், தசையில் வளர்ந்தது. நீளவாக்கில், வட்டமாக, சாய்வாக என்று இரைப்பைக்கு மூன்று அடுக்குத் தசை. களி கிண்டுவது போலச் சாப்பாட்டைப் புரட்டிக் கூழாக்குவது அதுதான். கட்டி ஆழத்தில் இருப்பதால், எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கும் சதையில் பல நேரம் மேல்சவ்வு மட்டுமே வரும். அதைப் பார்த்துவிட்டு 'புற்று இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டோடு நின்றுவிடக் கூடாது. நுனியில் ஸ்கேன் வைத்த குழாயை விட்டு, கட்டி எந்த அடுக்கில் என்று பார்த்து, ஊசியால் உள்சதையை எடுக்க வேண்டும்.

அப்புறம்தான் பெரிய சிக்கல். மைக்ராஸ்கோப்பில் கதிர் மாதிரி நீண்ட செல்கள் தெரிந்தால், முன்பெல்லாம் மென்தசைக் கட்டி (இரைப்பை, குடல் சுவரில் தானாக இயங்கும் தசையின் கட்டி) என்றே எழுதினார்கள். 1998இல் ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர், இவற்றில் பலவற்றில் 'கிட்' மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். அவை தசைக் கட்டியே அல்ல. குடல் அசைவுக்குத் தாளம் போடும் கஹால் செல்களின் உறவு. 'ஜிஸ்ட்' என்று பெயர். இரைப்பையில் உண்மையான மென்தசைப் புற்று மிக அரிது.

இரண்டையும் பிரிப்பது சாயப் பரிசோதனை. செல்லில் இருக்கும் புரதங்களுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள். சிடி117, டாக்1 என்ற புரதங்களில் சாயம் ஏறினால் ஜிஸ்ட். அவற்றில் ஏறாமல் டெஸ்மின், ஆக்டின் என்ற தசைப் புரதங்களில் ஏறினால் மென்தசை. ஜிஸ்ட்டில் பலவற்றுக்கு இமாடினிப் மாத்திரை நன்றாகக் கேட்கும்; மென்தசைப் புற்றுக்குக் கேட்காது. அந்த ஒரு வரிக்காகக் காத்திருந்தோம். டெஸ்மின் பாசிட்டிவ், சிடி117 நெகட்டிவ். இரண்டாகப் பிரிந்து பெருகும் செல்களும் அதிகம், அதாவது சாதுவான கட்டி இல்லை.

சரி, வழி அறுவை சிகிச்சைதான். சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து, கட்டி உடையாமல் முழுசாக எடுத்தார்கள். இது நெறிக்கட்டி வழியாகப் பரவுவது அபூர்வம் என்பதால் அவற்றைத் தொடவில்லை. ரத்தம் வழியாக ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போகலாம் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை சி.டி. ஸ்கேன். அடுத்தது ஆடி கடைசியில். களி இப்போது பாதி உருண்டைதான், ஆனால் மூன்று வேளை ஆறு வேளையாகிவிட்டது.