கேஸ் வேகனும் ஈயக் குண்டும்

கடலூர் முதுநகரில் என் வீட்டு மேஜையில் ஓடும் மாதிரி ரயிலில் எனக்கு ரொம்பப் பிடித்தது எஞ்சின் இல்லை, ஒரு கேஸ் வேகன். நான்கு சக்கரம், மேலே ஒரு நீள உருளை, அவ்வளவுதான். நூறு வருடங்களுக்கு முன்பு ஐரோப்பாவில் ஓடிய வண்டியை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. உருளைக்கு 20 மி.மீ. வயரிங் பைப். 87-ஆல் பெருக்கினால் 1.74 மீட்டர் விட்டம் வருகிறது.

அந்தக் கால ரயில் பெட்டிகள் பலவற்றில் மின்விளக்கு கிடையாது. பெர்லினைச் சேர்ந்த யூலியஸ் பின்ச்சின் முறையில், எண்ணெயைப் பழுக்கக் காய்ந்த கலத்தில் விட்டு வாயுவாக்கி, அழுத்தி, பெட்டிக்கு அடியில் உள்ள சிலிண்டரில் அடைத்து விளக்கெரித்தார்கள். நிலக்கரி வாயுவை அழுத்தினால் வெளிச்சம் மங்கிவிடும். எண்ணெய் வாயு அவ்வளவு மங்காது. வாயு ஆலை இல்லாத ஸ்டேஷன்களுக்கு அதைச் சுமந்து போனவைதான் கேஸ் வேகன்கள். ஆபத்தும் கூடவே போனது. 1915-ல் ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில் விபத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மரப் பெட்டிகளில் பரவிய தீயை வளர்த்தது இந்த வாயுதான்.

வேகனிலிருந்து பெட்டிக்கு வாயுவை மாற்றப் பம்பு வேண்டாம். குழாயை மாட்டித் திறந்தால் அழுத்தம் அதிகமான பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு வாயு தானாகப் பாயும், இரண்டும் சமமாகும்வரை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேகனில் 10 மடங்கு வளிமண்டல அழுத்தம். பெட்டியின் சிலிண்டர் அதில் பத்தில் ஒரு பங்கு கொள்ளளவு, அழுத்தம் 1. முதல் பெட்டிக்கு 9.2 கிடைக்கும், இரண்டாவதற்கு 8.4. பத்தாவது பெட்டிக்கு வரும்போது 4.5 தான். வேகன் ஒருபோதும் முழுசாகக் காலியாகாது.

இனி ரிவெட், அதாவது தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் குமிழ் ஆணி. உருளைக்குள் இருக்கும் அழுத்தம் தகட்டைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசை, நீளவாக்கில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு. உருளை வெடித்தால் பெரும்பாலும் நீளவாக்கில் கிழிவது அதனால்தான். ரிவெட் அடித்த பழைய அழுத்தக் கலன்களில் நீளத் தையலுக்கு (நீளவாக்கில் தகடுகள் இணையும் இடம்) இரண்டு வரிசை ரிவெட், சுற்றுத் தையலுக்கு ஒரு வரிசை என்று வைத்ததும் இதற்காகவே. முனைகள் குவிந்திருப்பதற்கும் அழுத்தம்தான் காரணம். தட்டையாக இருந்தால் நடுவில் புடைத்துவிடும். நம் அடுப்படி சிலிண்டரைப் பார்த்தாலே தெரியும். மாதிரியில் அழுத்தம் எதுவும் இல்லை என்றாலும் நான் வரிசைகளை மாற்றவில்லை. தடித்த தாளின் பின்பக்கம் மொண்ணை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, பைப்பைச் சுற்றி ஒட்டினேன். ஒரு வாரம் ஆனது.

வடிவம் சுருங்கும், எடை அதே கணக்கில் சுருங்காது. நீளம் 87-ல் ஒரு பங்கானால் எடை 87 × 87 × 87, அதாவது 6,58,503-ல் ஒரு பங்கு. 20 டன் வேகன் வெறும் 30 கிராம்! அந்த எடையில் அது தண்டவாளத்தில் நிற்காது. ஏனென்றால் மேஜையில் வளைவை அந்த விகிதத்தில் வைக்க இடமில்லை. நம் அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவே 175 மீட்டர் ஆரம். என் மேஜை வளைவு 36 செ.மீ.; பெருக்கினால் 31 மீட்டர். அங்கே இணைப்புக் கொக்கி வேகனை உள்பக்கம் இழுக்கும்போது கவிழாமல் பிடித்து நிறுத்த எடை வேண்டும். அமெரிக்க மாதிரி ரயில் சங்கத்தின் பரிந்துரைப்படி 12 செ.மீ. வேகனுக்குச் சுமார் 95 கிராம் வேண்டும்.

துறைமுகத்தில் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளைப் படகுக்கார அண்ணன் ஒருவர் ஒரு கை நிறையக் கொடுத்தார். முதலில் அவசரப்பட்டுக் குழாய்க்குள் சும்மா போட்டுவிட்டேன். வளைவில் குண்டுகள் ஒரு பக்கமாக உருண்டன, வேகன் கவிழ்ந்தது. அப்புறம் உருளையின் அடிப்பகுதியில், சக்கரங்களுக்கு நடுவே, அசையாமல் ஒட்டினேன். வெள்ளைப் பசையில் இல்லை, எபாக்சியில். வெள்ளைப் பசையில் புதைந்த ஈயம் மெல்ல அரித்து, சில வருடங்களில் வீங்கி, உருளையையே பிளந்துவிடும்.