பின்னடைவு அல்ல, தொடர்புப் போக்கு

கல்வி ஆய்வு அறிக்கை ஒன்றில் 'பின்னடைவுப் பகுப்பாய்வு' என்ற தலைப்பை மறுபடியும் பார்த்தேன். இனிப் பொறுக்க முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் பாடசாலைத் தரவுகளோடு மாரடிப்பது என் வேலை. வரவுப் பதிவேடு, தவணைப் பரீட்சைப் புள்ளி, சாதாரண தரப் பெறுபேறு எல்லாவற்றையும் அட்டவணையாக்கி, எது கூடும்போது எது எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு அதிகம் கைகொடுப்பது ரிக்ரெஷன் (regression) என்ற புள்ளிவிபர முறை. அதைத்தான் யாரோ பின்னடைவாக்கி வைத்திருக்கிறார்கள்.

ரிக்ரெஷன் என்ற சொல்லின் மூலம் லத்தீன். திரும்பிச் செல்லுதல் என்று பொருள். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருப்பதை ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதினார். நடுவை நோக்கிய அந்தத் திரும்பலுக்கு வைத்த பெயர், பிறகு கணக்கிடும் முறைக்கே பெயராகிவிட்டது. ஆனால் புள்ளிகளுக்கு ஊடாகக் கோடு பொருத்தும் இழிவு வர்க்க முறையை (least squares, வழுக்களின் வர்க்கங்களது கூட்டுத்தொகையை ஆகக் குறைப்பது) பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805இலேயே வெளியிட்டுவிட்டார். அதில் திரும்பலும் இல்லை, பின்வாங்கலும் இல்லை.

பின்னடைவு என்றால் தமிழில் என்ன? தேர்தலில் பின்னடைவு, உடல்நிலையில் பின்னடைவு, பேச்சுவார்த்தையில் பின்னடைவு. பத்திரிகை படிக்கிற யாருக்கும் அது சறுக்கல்தான். 'பின் என்றால் பின்னோக்கி, சரிதானே' என்பார்கள். சரியில்லை. பின், அடைவு என்று பிரித்தாலும் வம்புதான், ஏனென்றால் நம் கல்வித்துறையில் 'அடைவு' ஏற்கெனவே ஒரு கலைச்சொல். மாணவர் அடைவு, அடைவு மட்டம் என்று ஒவ்வொரு சுற்றறிக்கையிலும் வருகிறது. அந்த அறிக்கையின் தலைப்போ 'மாணவர் அடைவு தொடர்பான பின்னடைவுப் பகுப்பாய்வு'. படிக்கிற ஆசிரியர் வேறு எப்படி விளங்கிக்கொள்வார்? மூதூர்ப் பக்கம் ஓர் அமர்வில் இப்படியொரு தலைப்பு திரையில் விழுந்ததும் ஓர் அதிபர் எழுந்துவிட்டார். "எங்கட பள்ளிக்கூடம் பின்னடைஞ்சு போச்செண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?" திரையில் இருந்ததோ, வரவு கூடக் கூடக் கணிதப் புள்ளியும் கூடுவதைக் காட்டும், மேல்நோக்கி ஏறும் கோடு.

ரிக்ரெஷனுக்கு நம் இலங்கைப் பாடநூல் வழக்கு 'பிற்செலவு'. இதில் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. செலவு என்பது செல் என்ற வினையிலிருந்து வந்தது, பழந்தமிழில் பயணம். தலைவன் பிரிந்து போகாமல் தயங்குவதைச் 'செலவழுங்குதல்' என்பார்கள். ஆக, பிற்செலவு பிழையில்லாத சொல், மூலத்துக்கும் நேர். ஆனால் இன்று செலவு என்றால் காசுதான். பெற்றோர் கூட்டத்தில் பிற்செலவு என்று சொன்னால், அடுத்த தவணைக்கு என்ன கட்டணம் என்று கேட்பார்கள். பரீட்சைத் தாளில் அது இருக்கட்டும். பிள்ளைகள் அதில்தான் விடை எழுத வேண்டும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'தொடர்புப் போக்கு' என்கின்றன. அறிக்கைகளுக்கு நான் எடுப்பது இதை. இணைபு (correlation) இரண்டு அளவுகளுக்கும் உள்ள நெருக்கத்தை மட்டும் சொல்லும். ஒன்று கூடினால் மற்றது எவ்வளவு மாறும் என்பதை இந்தப் 'போக்கு' சொல்கிறது. காலத்தொடர் (காலப்போக்கில் மாறும் தரவு) பார்க்கிறவர்கள் போக்கு தங்கள் சொல் என்று சண்டைக்கு வரலாம். வரட்டும், முன்னால் தொடர்பு இருக்கிறதே. அக்கரைச் சொல் வேண்டாம் என்று முகம் சுளிப்பவர்கள், தரவில் அதிக தடவை வரும் பெறுமானத்தை (mode) நாம் 'ஆகாரம்' என்பதை அங்கே 'முகடு' என்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். எது விளங்குகிறது?

கால்டன் கண்ட திரும்பலுக்குத் தனிச்சொல் வேண்டும்: 'இடைக்கு மீளல்'. இடை என்பது இங்கே சராசரி. இது நமக்கு மிகவும் வேண்டிய கருத்து. ஒரு தவணையில் மிகக் குறைந்த புள்ளி எடுத்தவர்களைப் பொறுக்கி மேலதிக வகுப்பு வைத்தால், அடுத்த தவணை அவர்களின் சராசரி கூடும். வகுப்பே வைக்காவிட்டாலும் ஓரளவு கூடும். அன்று காய்ச்சலோடு எழுதியவரும், தெரியாத கேள்வியில் மாட்டியவரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். ஒப்பிட இன்னொரு குழு இல்லாமல் வெற்றி என்று எழுதுவது இங்கே வாடிக்கை. கணக்கிடும் முறை, இந்த மீளல் இரண்டையும் 'பின்னடைவு' என்றே எழுதினால் இதை எப்படி விளக்குவது? புள்ளி ஏறியதற்குப் பெயர் பின்னடைவா?

பக்கக் கணக்கில் காசு வாங்கும் மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்லவில்லை. அகராதியில் முதலில் கிடைத்ததை அவர் எடுக்கிறார். கணக்குத் தெரிந்த நாங்கள் தமிழ்ப் பிரதியைத் திறந்தும் பார்ப்பதில்லை. உயர்தரப் புள்ளிகளை ஒப்பிடத் தரப்படுத்தும் 'இசட் புள்ளி'யை (Z-score) யாரும் மொழிபெயர்க்கவில்லை, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் எந்த வீட்டிலும் அது என்னவென்று தெரியும். அதனால் சித்தியா இல்லையா என்பது போன்ற இரண்டிலொரு விடைக்குப் பயன்படும் லொஜிஸ்டிக் (logistic) வகைக்கு 'லொஜிஸ்டிக் தொடர்புப் போக்கு' என்றே எழுதுகிறேன். அதற்கும் ஒரு தனித்தமிழ் கேட்டு யாரும் வர வேண்டாம்.