பம்ப் ஓடுவதும் தண்ணீர் ஓடுவதும் ஒன்றல்ல

சென்ற மாதம் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ஓர் அலுவலக வளாகத்தின் சில்லர் (ஏ.சி.க்கான தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) பேனலைத் திறந்தபோது, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சுவிட்சுக்கான இரண்டு டெர்மினல்களும் ஒரு துண்டு வயரால் இணைக்கப்பட்டிருந்தன. அப்படி இணைத்தால் தண்ணீர் நின்றாலும் ஓடுவதாகவே பேனல் நம்பும். தண்ணீர் குளிரும் பகுதியான எவாப்பரேட்டரின் டியூப்கள் உறைந்து வெடித்து, தண்ணீர் குளிர்விக்கும் கேஸோடு கலந்து, கம்ப்ரஸருக்குள் புகுந்து, மோட்டார் வைண்டிங்கும் எரிந்துபோன பிறகுதான் எங்களை அழைத்திருந்தார்கள். இதே வயரைப் பெங்களூரின் எத்தனையோ பிளான்ட் ரூம்களில் நான் பிடுங்கிப் போட்டிருக்கிறேன். நிறம் மட்டும்தான் மாறுகிறது. கேட்டால் கிடைக்கும் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: "பம்ப் ஓடிட்டுதானே சார் இருந்துச்சு?"

அந்தப் பதிலுக்காகவே இதை எழுத வேண்டியிருக்கிறது. கட்டடத்தின் பி.எம்.எஸ். (கட்டட இயந்திரங்களைக் கண்காணிக்கும் கணினி அமைப்பு) திரையில் பம்ப் பச்சை நிறத்தில் தெரிகிறது என்றால், பெரும்பாலான இடங்களில் அதற்குப் பொருள், பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் கான்டாக்டர் சுவிட்ச் உள்ளே இழுத்திருக்கிறது என்பது மட்டுமே. மோட்டார் சுற்றுகிறதா, மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் அறுந்துவிட்டதா, குழாயின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னர் அடைத்துக்கொண்டதா என்பதெல்லாம் அந்தப் பச்சை விளக்குக்குத் தெரியாது. பட்டர்ஃபிளை வால்வைத் திறந்து மூடும் ஆக்சுவேட்டர் முழுவதும் திறந்துவிட்டதாகக் காட்டும். ஆனால் உள்ளே ஸ்பிண்டில் முறிந்து, தட்டு மூடியபடியே கிடக்கும். ஒரே ஹெடரில் (பொதுக் குழாயில்) மூன்று பம்புகளும் மூன்று சில்லர்களும் இருக்கும் பிளான்டில், ஓடும் பம்பின் தண்ணீர் முழுவதும் பக்கத்துச் சில்லர் வழியாகப் போய்க்கொண்டிருக்கலாம். எக்ஸ்பான்ஷன் டேங்க் காலியாகி லைனில் காற்று ஏறியிருக்கலாம். கோடையில் டேங்கர் வரத் தாமதமாகும் இந்த ஊரில் அது அரிய நிகழ்ச்சியும் அல்ல. இவை எல்லாவற்றிலும் பம்ப் ஓடும், தண்ணீர் மட்டும் ஓடாது. எவாப்பரேட்டருக்குள் தண்ணீர் உண்மையாகவே போகிறதா என்று நேரடியாகக் கேட்கும் கருவி ஃப்ளோ சுவிட்ச்தான். அதன் வாயைத்தான் நாம் அந்த வயரால் கட்டுகிறோம்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 500 டன் சில்லர் (டன் இங்கே குளிரூட்டும் திறனின் அளவு, எடை அல்ல) என்பது ஏறத்தாழ 1,760 கிலோவாட் வெப்பத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறது. 12 டிகிரியில் உள்ளே வந்து 7 டிகிரியில் வெளியேற வேண்டுமானால், மணிக்குச் சுமார் 300 கன மீட்டர் தண்ணீர் ஓட வேண்டும். அந்த ஓட்டம் நின்று, டியூப்களுக்குள் 500 லிட்டர் மட்டும் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரஸர் முழுத் திறனில் இருந்தால், அந்தத் தண்ணீர் 7 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு வரப் பத்து விநாடிகூடத் தேவையில்லை. நடைமுறையில் திறன் உடனே சரியத் தொடங்கும் என்பதால் இன்னும் சற்று நீளும். ஆனாலும் நிமிடக் கணக்குதான். ஆப்பரேட்டர் மாடியிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலை குறைந்தால் சில்லர் தானே நின்றுவிடுமே" என்பார்கள். இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் படித்த பொறியாளர்களும் இதை நம்புகிறார்கள். அந்த சென்சார் எவாப்பரேட்டருக்கு வெளியே, குழாயில் இருக்கிறது. ஓட்டம் நின்றுவிட்டால் அது தன்னைச் சுற்றித் தேங்கியிருக்கும் பழைய தண்ணீரையே அளந்துகொண்டிருக்கும். உள்ளே பனிக்கட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது திரையில் 8 டிகிரி என்று சாந்தமாக எழுதியிருக்கும். சில சமயம் அந்த எண் ஏறவும் செய்யும். அதைப் பார்த்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கம்ப்ரஸருக்குள் போகும் கேஸின் அளவைக் கட்டுப்படுத்தும் இன்லெட் கைடு வேனை இன்னும் திறந்து, கம்ப்ரஸரை மேலும் உழைக்கச் சொல்லும்.

ஃப்ளோ சுவிட்சுக்கு அடுத்த காவல், கேஸ் அழுத்தம் மிகக் குறைந்தால் சில்லரை நிறுத்தும் எவாப்பரேட்டர் லோ பிரஷர் கட் அவுட். ஆர்-134ஏ கேஸ் பூஜ்யம் டிகிரியில் கொதிக்கும் அழுத்தம், காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2.9 பார், அதாவது கேஜில் பார்த்தால் 1.9 பார். உற்பத்தியாளர் கொடுத்த கட் அவுட் மதிப்பு, தண்ணீர் உறையும் இந்த எல்லையை மனத்தில் வைத்துத்தான் நிர்ணயிக்கப்பட்டது. கேஸ் குறைந்திருக்கும் சில்லர் அடிக்கடி லோ பிரஷரில் ட்ரிப் ஆகிறது என்பதற்காக, கசிவைத் தேடாமல் அந்த மதிப்பை இறக்கி வைப்பவர்களை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒயிட்ஃபீல்டில் அதையும் இறக்கியிருந்தார்கள். உயரமான கட்டடத்தில் தண்ணீர்ப் பக்கத்து அழுத்தம் கேஸ் பக்கத்தைவிட அதிகம். எனவே டியூப் வெடித்தால் கேஸ் தண்ணீருக்குள் போவதில்லை, தண்ணீர்தான் கேஸுக்குள் போகும். எவாப்பரேட்டர் வாக்குவத்தில் (காற்றழுத்தத்துக்கும் கீழே) இயங்கும் ஆர்-123 போன்ற லோ பிரஷர் மெஷின்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

நியாயமாகச் சொன்னால், வயர் போடுகிறவருக்கும் ஒரு நியாயமான மனக்குறை இருக்கிறது. பேடில் வகை (ஓடும் தண்ணீர் ஒரு தட்டைத் தள்ளும் வகை) ஃப்ளோ சுவிட்சை எல்போவுக்கு, அதாவது குழாய் வளைவுக்குப் பக்கத்திலேயே பொருத்திவிட்டுப் போயிருப்பார்கள். இரு பக்கமும் குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது நேரான குழாய் இல்லையென்றால் பேடில் படபடத்துக்கொண்டேதான் இருக்கும், நள்ளிரவில் காரணமின்றி ட்ரிப் வரும். அதற்குத் தீர்வு இடத்தை மாற்றுவது, அல்லது தெர்மல் வகை சுவிட்சுக்கு மாறுவது. எவாப்பரேட்டரின் இரு முனைகளுக்கு இடையே உள்ள அழுத்த வித்தியாசத்தை (டிபி) பார்க்கும் டிஃபரன்ஷியல் பிரஷர் சுவிட்சும் நல்லதே, ஆனால் டியூப்களில் அழுக்குச் சேர்ந்தால் குறைந்த ஓட்டத்திலும் அதே டிபி வரும் என்பதை ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்ஸர் பக்கத்துக் கதை வேறு. பெங்களூரின் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் கடினமானவை. கூலிங் டவரில் ஆவியாகி ஆவியாகி அந்த உப்பு கண்டென்ஸர் டியூபில் படிகிறது. ஹை பிரஷர் ட்ரிப், அதற்கு முன்னால் சர்ஜ் (கம்ப்ரஸருக்குள் கேஸ் பின்னோக்கிப் பாய்ந்து அதிர்வது), இரண்டும் பெரும்பாலும் வருவது அதனால்தான். கண்டென்ஸர் அப்ரோச்சை, அதாவது கேஸ் திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை, தினமும் லாக் புத்தகத்தில் எழுதுங்கள். சுத்தமாக இருந்தபோது ஒன்று அல்லது இரண்டு டிகிரியாக இருந்தது நான்கைத் தாண்டினால் டியூபைச் சுத்தம் செய்ய வேண்டும். ரீசெட் பட்டனைத் தேய்ப்பதால் சுண்ணாம்பு கரையாது. ஹை பிரஷர் கட் அவுட்டை மேனுவல் ரீசெட்டாக வைத்திருப்பதற்குக் காரணம் ஒரு மனிதர் வந்து பார்க்க வேண்டும் என்பதே. ஆகவே அதற்குத் தொலைவிலிருந்து ரீசெட் வசதி செய்து தரும்படி பி.எம்.எஸ். ஒப்பந்தக்காரரிடம் கேட்காதீர்கள். பி.எம்.எஸ். ஓடு, நில் என்று கேட்கலாம், செட் பாயின்ட்டை மாற்றலாம். ஆபத்தென்றால் சில்லரை நிறுத்தும் பாதுகாப்பு இன்டர்லாக்குகள் சில்லரின் சொந்த பேனலில், ஹார்டு வயராகவே (நேரடி வயர் இணைப்பாகவே) இருக்கட்டும்.

வார இறுதியில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சில்லரின் மெயின் ஐசொலேட்டரையே (முழு மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்சையே) அணைக்காதீர்கள். ஆயில் ஹீட்டரும் சேர்ந்து அணைகிறது, கேஸ் எண்ணெயில் கரைகிறது, திங்கட்கிழமை காலை நுரை பொங்கி ஆயில் பிரஷர் விழுகிறது. சேமித்தது ஓரிரு கிலோவாட் ஹீட்டரின் மின்சாரம், போவது பேரிங். மின்வெட்டுக்குப் பின் ஜெனரேட்டர் வந்தவுடன் கம்ப்ரஸர் கிளம்பவில்லை என்று ரீஸ்டார்ட் டைமரை மாற்றச் சொல்பவர்களுக்கு: மோட்டார் ஆறுவதற்கான நேரம் அது, தொடாதீர்கள். பேஸ்மென்டில் இருக்கும் பிளான்ட் ரூமில் லீக் டிடெக்டர் அலறினால், அதை அணைக்கும் முன் வெளியேறுங்கள். ஆர்-134ஏ காற்றைவிடக் கனமானது, பெரிதாக வாசனை இல்லாதது, தரையோடு படர்ந்து ஆக்சிஜனைத் தள்ளிவிடும்.

இரவு ஷிப்டில் தனியாக நிற்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். கிருஷ்ணகிரியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்து இங்கே பிளான்ட் பார்க்கும் உங்களிடம், "எப்படியாவது ஓட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று மேலிருந்து போன் வருவதை நான் அறிவேன். மறுத்தால் வேலைக்கு ஆபத்து என்ற பயமும் புரிகிறது. குறைந்தது, யார் சொன்னார்கள், எத்தனை மணிக்கு, எந்த இன்டர்லாக்கைப் பைபாஸ் செய்யச் சொன்னார்கள் என்பதை லாக் புத்தகத்தில் எழுதி, அதையே வாட்ஸ்அப்பிலும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான கட்டளைகள் அந்த இடத்திலேயே வாபஸ் ஆகிவிடும்.

மேனேஜர்கள் இன்றைக்கே ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். மாலையில் சில்லரை வழக்கம்போல நிறுத்துங்கள். கம்ப்ரஸர் முழுவதும் நின்று, பம்பும் நின்ற பிறகு, சில்லர் பேனலில் எவாப்பரேட்டர் ஃப்ளோ என்ன காட்டுகிறது என்று பாருங்கள். ஃப்ளோ இல்லை என்று வர வேண்டும். பம்ப் நின்ற பிறகும் ஃப்ளோ இருக்கிறது என்று காட்டினால், வேறு பம்பின் தண்ணீர் அதன் வழியே போகவில்லை என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். அதுவும் இல்லையென்றால் சுவிட்ச் சிக்கியிருக்கிறது அல்லது உள்ளே ஒரு துண்டு வயர் இருக்கிறது. எதுவென்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வரை அந்தச் சில்லரை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.