கூட்டாம பெருக்கற ஓட்டு

கிராம சபைல மைக் புடிச்சவர் சொல்றதுதான் தீர்மானம் ஆயிடுது, எல்லார் கருத்தையும் எடுக்க டெக்னாலஜி எதுவும் இல்லையான்னு பாலக்கோட்ல இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தாரு. இருக்குங்க, ஒரு சாஃப்ட்வேர், பேரு போலிஸ் (காக்கிச் சட்டை போலீஸ் இல்ல). தைவான்ல 2015ல ஊபர் வாடகைக் கார் ஆப் வேணுமா வேணாமான்னு சண்டை வந்தப்ப சட்டம் போடறதுக்கு முன்னாடி இதுலதான் ஜனங்க கருத்து எடுத்தாங்க. ஒருத்தர் ஒரு வரி எழுதுவாரு, மத்தவங்க சரி, இல்ல, தெரியல, மூணுல ஒண்ணு அமுக்கணும். பதில் எழுத இடமே கிடையாது, அதனால சண்டையும் கிடையாது.

அமுக்கினது எல்லாம் நம்பர் ஆகும், சரின்னா 1, இல்லன்னா மைனஸ் 1. ஒரே மாதிரி அமுக்கினவங்களைக் கணக்கே பக்கத்துல பக்கத்துல சேர்த்து குரூப் ஆக்கிடும். என்ன ஜாதி, எந்தக் கட்சின்னு கேக்கறதே இல்ல.

அடுத்த ஸ்டெப்புதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. ஒரு ஊர்ல ஓட்டு ரெண்டு குரூப்பா பிரிஞ்சிருச்சுன்னு வைங்க, மேட்டுத்தெரு பக்கம் 90 பேர், கீழ்த்தெரு பக்கம் 10 பேர். 'ஒகேனக்கல் தண்ணி டேங்க்கை மேட்டுத்தெருவுலயே கட்டலாம்'னு ஒரு வரி, மேல 81 பேர் சரிங்கறாங்க, கீழ ஒரே ஒருத்தர், மொத்தம் 82. 'எங்க கட்டினாலும் தண்ணி விடற நேரத்தை ரெண்டு தெருவுலயும் எழுதிப் போடணும்'னு இன்னொரு வரி, மேல 63, கீழ 7, மொத்தம் 70. கை தூக்கச் சொன்னா முதல் வரிதான் ஜெயிக்கும், இல்லையா? போலிஸ் கூட்டாது, பெருக்கும்! குரூப் வாரியா விகிதம் எடுத்து முதல் வரிக்கு 0.9 பெருக்கல் 0.1, அதாவது 0.09, ரெண்டாவதுக்கு 0.7 பெருக்கல் 0.7, 0.49 (சின்ன குரூப்புக்குன்னு ஒரு சின்ன திருத்தமும் உண்டு, அதை விடுங்க). ரெண்டாவது மேல வந்துடுச்சு பாருங்க. ஒரு குரூப் முழுசா மூஞ்சைத் திருப்பிக்கிட்டா பெருக்கல் அப்படியே கீழ இழுத்துடும், அதனால எதிர்ப்பக்கமும் ஒத்துக்கற மாதிரி எழுதினாதான் வரி மேல ஏறும். தைவான்லயும் ஊபர் வேணும் வேணாம்னு நின்னவங்க பயணிக்கு இன்சூரன்ஸ் வேணும்ங்கறதுல ஒண்ணாத்தான் நின்னாங்க.

நம்ம சட்டசபைல 2021ல காகிதம் இல்லாத பட்ஜெட் வந்துச்சு, டேபிளுக்கு டேபிள் கம்ப்யூட்டர், நல்லதுதான். ஆனா மசோதா வரைவை 30 நாளாவது ஜனங்க பார்வைக்கு வைக்கணும்னு மத்திய அரசே 2014ல கொள்கை போட்டும் பல மசோதா அப்படி வரதில்ல, வந்தாலும் நம்ம தளி, அஞ்செட்டி பக்கத்து ஆளுங்க படிக்கற பாஷைல இருக்கறதில்ல. காசு செலவு பண்றதுன்னா மொதல்ல வரைவை ஜனங்க படிக்கற பாஷைல வைக்கறதுக்குப் பண்ணுங்கன்னுதான் சொல்லுவேன்.

வாசகருக்கு: சாஃப்ட்வேர் இலவசம், அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னாடியே ஓட விடலாம், போன் இல்லாதவங்களுக்கு யாராவது படிச்சுக் காட்டி அமுக்கணும். தீர்மானம் போடறது அப்பவும் சபைதான்.