ஒரு செடியின் நஞ்சு மாத்திரையாக மாறுவது எப்படி?

செடியால் ஓட முடியாது. இலையைத் தின்ன வரும் புழுவையும் வேரைத் தாக்கும் பூஞ்சையையும் நின்ற இடத்திலேயே சமாளித்தாக வேண்டும். அதனால் கசப்பு, மயக்கம், வயிற்றுப்போக்கு, சில சமயம் மரணம் வரைக்கும் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருள்களைத் தனக்குள்ளேயே தயாரித்து வைத்துக்கொள்கிறது. மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் பக்கத்துப் போட்டியாளரை ஒழிக்க இதையேதான் செய்கின்றன. பல கோடி ஆண்டுகளாகப் பட்டை தீட்டப்பட்ட இந்த மூலக்கூறுகளில் பலவும் எதிரியின் உடம்பில் ஏதாவது ஒரு புரதத்தைப் பிடித்து அதன் வேலையைக் கெடுப்பவை. உயிரினங்களின் புரதங்கள் பலவும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்பதால் நம் உடம்பிலும் அவை வேலை காட்டும். அளவு மிஞ்சினால் நஞ்சு. சரியான அளவைப் பிடித்துவிட்டால் மருந்து. ‘இயற்கையானது, அதனால் பாதுகாப்பானது’ என்ற பேச்சை என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் இதுதான். இயற்கைப் பொருள்களின் மதிப்பே அவற்றின் வீரியத்தில் இருக்கிறது.

ஒரு இலையில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்கள் கலந்து கிடக்கும். வேலை செய்வது அதில் எது? இலையைக் காயவைத்து, அரைத்து, எத்தனால் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். 96 குழிகள் கொண்ட, உள்ளங்கை அளவிலான தட்டில் நோய்க்கிருமியை வளர்த்து, ஒவ்வொரு குழியிலும் சாற்றின் வெவ்வேறு அடர்த்தியை விட்டுப் பார்ப்பார்கள். கிருமி செத்தால் சாற்றைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி தட்டில் சோதிப்பார்கள். கூட்டத்தில் விசில் அடித்தவரைப் பிடிக்க, கூட்டத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே போவது போன்ற வேலை. கடைசியில் ஒற்றைப் பொருள் கையில் நிற்கும்போதுதான் அதன் வடிவத்தைக் கண்டறிவது தொடங்கும். கிடைத்தது ஏற்கெனவே தெரிந்த பழைய பொருள்தான் என்று அங்கே தெரியவந்து மாதக்கணக்கான உழைப்பு வீணாவதும் உண்டு.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கிடைத்த கதையில் இந்த வழி தெளிவாகத் தெரியும். 1967இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1969இல் அதில் ஒரு குழுவுக்குத் தலைமையேற்ற தூ யூயூ, பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டி எடுத்து ஏறத்தாழ 200 மூலிகைகளைச் சோதித்தார். ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற செடியின் சாறு ஒரு முறை நன்றாக வேலை செய்தது. அடுத்த முறை ஏமாற்றியது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கெ ஹோங், அந்த மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். கொதிக்கவைக்கச் சொல்லவில்லை! சூட்டில் மருந்து கெட்டுப்போகிறதோ என்று தூ யூயூவுக்குப் பொறி தட்டியது. 35 டிகிரியிலேயே ஆவியாகும் ஈதரைக் கரைப்பானாக மாற்றினார். சாற்றின் அமிலப் பகுதியில் நச்சுத்தன்மை இருந்தது, மருந்து இல்லை, அதை நீக்கினார். 1971 அக்டோபரில் 191ஆம் எண் சாறு, எலிகளின் ரத்தத்திலிருந்த ஒட்டுண்ணிகளை முழுக்க ஒழித்தது. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் குழுவினரும் தாங்களே அதைக் குடித்துப் பார்த்தார்கள். 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சூட்டைத் தாங்காத அந்த மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரு பாலம்போல் இருக்கின்றன. மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்னும்போது இரும்புள்ள ஹீம் ஏராளமாக வெளிப்படுகிறது. அந்த இரும்பு பட்டதும் ஆக்சிஜன் பாலம் உடைந்து, அடங்காத வினைத்திறன் கொண்ட துண்டுகள் உருவாகி ஒட்டுண்ணியின் புரதங்களைச் சிதைக்கின்றன. அதாவது, ஒட்டுண்ணி தின்னும் தீனியே மருந்தைக் கிளப்பிவிடுகிறது. ஆனால் ஆர்ட்டிமிசினின் சில மணி நேரத்திலேயே உடம்பை விட்டு வெளியேறிவிடும். மிச்சமிருக்கும் ஒட்டுண்ணிகள் மீண்டும் பெருகும். மருந்தைத் தாங்கவும் பழகும். அதனால் அதன் வழிப்பொருள்களை லூமிஃபான்ட்ரின் போல நீண்ட நேரம் தங்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கிறார்கள்.

நாட்பட்ட நோய் என்றால் கணக்கே வேறு. அங்கே கொல்வதற்குக் கிருமி இல்லை. நம் உடம்பின் நொதி ஒன்றைத்தான் கொஞ்சம் அடக்க வேண்டும், அதுவும் பல ஆண்டுகளுக்கு, பெரிய தொந்தரவு இல்லாமல். ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ, கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் நொதியை முடக்கும் பொருளைப் பூஞ்சைகளில் தேடினார். ஸ்டீரால் (கொலஸ்ட்ரால் சேர்ந்த கொழுப்பு வகை) போன்ற பொருள்களை நம்பி வாழும் எதிரிகளை ஒடுக்கச் சில பூஞ்சைகள் அப்படி ஒன்றைச் செய்யக்கூடும் என்பது அவர் ஊகம். 6,000க்கும் மேற்பட்ட வகைகளைச் சோதித்த பிறகு, 1973இல் பெனிசிலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் கிடைத்தது. எலிகளுக்குக் கொடுத்தால் கொலஸ்ட்ரால் இறங்கவே இல்லை. பலர் அங்கேயே கோப்பை மூடியிருப்பார்கள். எண்டோவின் தரப்பு, முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, இறங்கியது. அந்த வழியில் வந்த லோவாஸ்டாடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று ஸ்டாடின் எனப்படும் இந்த வகை மாத்திரைகளை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் சாப்பிடுகிறார்கள்.

இயற்கை கொடுத்ததை அப்படியே விழுங்க முடியாத இடங்களும் உண்டு. காலேகா அஃபிசினாலிஸ் என்ற செடியிலுள்ள காலேஜின் என்ற பொருள் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நச்சு அதிகம். அதே வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆய்வகத்தில் செய்யப்பட்ட மெட்ஃபார்மினை 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவுக்குப் பயன்படுத்திக் காட்டினார்.

சோதனைத் தட்டு ஏமாற்றவும் செய்யும். மஞ்சளிலுள்ள குர்குமின் ஆய்வகத்தில் எல்லா நோயையும் தீர்ப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் அது தானே ஒளிர்ந்து அளவீட்டைக் குழப்பும், கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும், சீக்கிரம் சிதைந்தும் போகும். வாய்வழி சாப்பிட்டால் ரத்தத்தில் சேர்வது மிகச் சொற்பம். புற்றுநோய்ச் செல்லை ஒரு மூலிகைச் சாறு கண்ணாடிக் குடுவையில் கொன்றது என்ற செய்தியைப் படித்தால், அது எவ்வளவு அடர்த்தியில், ரத்தத்தில் அந்த அளவு சேருமா என்று கேட்க வேண்டும்.

எல்லாம் கைகூடினாலும் சரக்குக்கு எங்கே போவது? பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கிடைத்த புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்செல், செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய்களை இறுக வைத்து, செல் பிரிவதை நிறுத்துகிறது. சினைப்பைப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பட்டையின் எடையில் அது இருப்பது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். பட்டையை உரித்தால் மரமே செத்துப்போகும்; அதுவோ மெதுவாக வளரும் மரம். ஐரோப்பிய யூ மரத்தின் இலைகளிலிருந்து பாதிவரை தயாரான மூலக்கூறை எடுத்து மீதியை ஆய்வகத்தில் கட்டி முடிக்கும் முறை வந்ததும்தான் நெருக்கடி தீர்ந்தது. அப்புறம் யூ மரத்தின் செல்களையே தொட்டிகளில் வளர்த்தும் எடுக்கத் தொடங்கினார்கள். ஆர்ட்டிமிசியாவின் மரபணுக்களை ஈஸ்ட்டுக்குள் வைத்து, ஆர்ட்டிமிசினினுக்கு முந்தைய பொருளை நொதிக்கவைத்து எடுக்கும் முறையும் உருவாகியிருக்கிறது. இருந்தும் உலகின் தேவையைப் பெரும்பாலும் தீர்ப்பது வயலில் விளையும் செடிதான். அந்த வழிதான் இன்னமும் மலிவு.