சுய பிரதிபலிப்பா, தன்னாய்வா?

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்து ஆய்வுமுறைக் கையேடுகளில் 'நெறிமுறைசார் சுய பிரதிபலிப்பு' என்றொரு தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. ஆய்வுக்கு வீடு வீடாகப் போகும் மாணவர், தான் நடந்துகொண்ட விதம் சரிதானா என்று எண்ணிப் பார்த்து எழுத வேண்டிய பகுதி அது. ஆங்கில 'ரிஃப்ளெக்சன்' என்பதற்கான பெயர்ப்பு. பிழையான பெயர்ப்பு.

மூலம் லத்தீன்: பின்னோக்கி வளைத்தல். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்புவதற்கும் மனம் தான் செய்ததை எண்ணிப் பார்ப்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் அந்த நெருக்கடி இல்லை. ஒளிக்கு எங்கள் விஞ்ஞானப் பாடத்தில் 'தெறிப்பு' இருக்கிறது. வடசொல் என்பதற்காக நான் 'பிரதிபலிப்பை'த் தள்ளவில்லை. பட்டதை அப்படியே காட்டுவதுதான் பிரதிபலிப்பு. அதில் கேள்விக்கு இடமில்லை. அதனால்தான் 'சுய பிரதிபலிப்பை எழுதுக' என்றதும் மாணவர் நடந்ததை ஒப்புவிக்கிறார்: இத்தனை வீடு போனோம், எல்லாரும் ஒத்துழைத்தார்கள்.

எழுத வேண்டியது வேறு. விதானையாரை, அதாவது கிராம அலுவலரை, கூட்டிக்கொண்டு ஒரு வீட்டு வளவுக்குள் போனால், 'ஏலாது' என்று சொல்ல அந்த வீட்டு அம்மாவால் முடியுமா? காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய கேள்வி ஆய்வுக்குத் தேவையா, படிவத்தில் இருப்பதால் கேட்கிறோமா? அவர் அழத் தொடங்கினால் பேனையை மூடுவோமா? சிறுநீரக நோய் ஆய்வுக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்தவர் முடிவை அந்த வீட்டுக்குச் சொல்வாரா? யானை வருவதை அறியக் குளக்கட்டில் கமரா பூட்டும் பொறியியல் மாணவர், விடியக் குளிக்க வருகிற பெண்களும் அதில் பதிவாவார்கள் என்று யோசித்தாரா? மனிதரை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கான ஒழுக்க நெறிகளைச் சொல்லும் 1964இன் ஹெல்சிங்கிப் பிரகடனம் போன்றவற்றை வைத்து, ஆய்வுக்கு அனுமதி தரும் ஒழுக்கவியல் குழு விண்ணப்பத்தைப் பார்க்கும். வளவுக்குள் குழு வராது.

சிலர் 'தற்சோதனை' என்கிறார்கள். வன்னியில் 'சோதனை' என்றால் சாவடிதான் முதலில் நினைவுக்கு வரும். சோதிக்கப்படுகிறவர் மறைக்கத்தான் பார்ப்பார். 'சுயமதிப்பீடு' புள்ளி போடும் படிவம். 'தன்னாய்வு' பொருந்தும்: பிறரை ஆய்கிறவர் தன்னையும் ஆய்கிறார் என்பது சொல்லிலேயே தெரிகிறது. முன்னால் 'நெறிமுறை' வேண்டாம், செய்முறை விதிபோல ஒலிக்கிறது. 'அறவழி' இங்கே போராட்டத்தோடு ஒட்டிய சொல். 'அறம்சார் தன்னாய்வு' என்றே எழுதலாம்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதற்பொருளோடு நின்றுவிடுகிறார்கள்; அந்தத் தலைப்பின்கீழ் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்பதில்லை. கையேட்டில் வெற்றுக் கோடுகளை விடாமல் மேலுள்ளவை போன்ற நாலைந்து கேள்விகளை அச்சிட்டு, வீடு பார்த்துத் திரும்பிய அன்றே பதில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கிழமை கழிந்தால் அந்த அம்மா தயங்கியது மறந்துபோகும், அவர் போட்ட சம்மதக் கையெழுத்து மட்டும் கோப்பில் இருக்கும்.