படலைக்கு வெளியே உங்கள் நாய்

கட்டாக்காலி மாட்டைச் சபைக்காரர் பிடித்துக்கொண்டு போனால், உரிமையாளர் தண்டப்பணத்தோடு வந்து நிற்பார். நாய் ஒருவரைக் கடித்துவிட்டால் கதையே வேறு. அதுவரை மூன்று நேரமும் சோறு வைத்தவர்கூட "அது எங்கட நாய் இல்லை, சும்மா வந்து படுக்கிறது" என்பார். மாட்டுக்கு விலை இருக்கிறது, ஊர் நாய்க்கு விலை இல்லை, அவ்வளவுதான். திருகோணமலையில் கால்நடை வைத்தியராக இருக்கும் என்னைக் கேட்டால், தெருநாய்ப் பிரச்சினை என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி இந்தப் பதிலில்தான் தொடங்குகிறது. விடிய கேற்றைத் திறந்ததும் வெளியே போய், சந்தையடி, மீன் வாடி எல்லாம் சுற்றி, இரவுச் சோற்றுக்கு வீடு திரும்புகிற நாயைத் தெருநாய் என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது. பூட்டிய படலைதான் இல்லை.

இதற்கெல்லாம் சட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, அதுவும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே. விசர்நாய் நோய்க் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. நாய் வளர்ப்பவர் ஆண்டுதோறும் தன் பகுதி உள்ளூராட்சி சபையில் அதைப் பதிய வேண்டும், விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். ஆளின் கட்டுப்பாட்டில் இல்லாமல் பொது இடத்தில் அலையும் நாயைப் பிடிக்க அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அந்தக் காலத்தில் கொல்லவும் செய்தார்கள். 2006இலிருந்து அரசின் கொள்கை கொல்லாமை. அதற்குப் பதிலாகக் கருத்தடையும் தடுப்பூசியும். இறைச்சியில் நஞ்சு வைத்து ஒழுங்கைக்குள் போடுகிறவர்களுக்கு ஒன்று: 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அந்த நஞ்சைத் தின்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டு நாயும் பூனையும் காகமும்தான்.

கடித்தால் யார் பொறுப்பு? நாயை வைத்திருப்பவர்தான். நமது நாட்டின் பொதுச் சட்டம் உரோம-டச்சு மரபில் வந்தது. வளர்ப்பு மிருகம் செய்த சேதத்துக்கு உரிமையாளர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்பது அதில் பழைய கொள்கை. கவனயீனமாக மிருகத்தை விட்டு ஆபத்து விளைவித்தால் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் பொலிஸாரும் நடவடிக்கை எடுக்கலாம். "நான் அவிழ்த்து விடவில்லை, தானாகத்தான் ஓடியது" என்பது பெரிய எதிர்வாதம் ஆகாது. மதில் உங்களுடையது.

சரி, கட்டுப்பாடு என்றால் என்ன? "அது ஒன்றும் செய்யாது டொக்டர், கூப்பிட்டால் வந்துவிடும்" என்பதைக் கட்டுப்பாடு என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு முற்றத்தில் கூப்பிட்டால் வருகிற நாய், பின்னேரம் ஐந்தரைக்கு டச்பே கடற்கரையில் கூப்பிட்டால் வருமா? அங்கே பட்டம் விடும் பிள்ளைகள், கச்சான் விற்பவர், பந்து, வேறு நாய்கள், மணலில் கிடக்கும் மீன் தலை என்று ஆயிரம் இருக்கிறது. கழுத்துப்பட்டி, ஒன்றரை மீற்றர் அளவில் உறுதியான வார், அதைப் பிடித்திருக்கும் ஆள் நாயை இழுத்து நிறுத்தக்கூடிய வளர்ந்தவர்: இந்த மூன்றும் சேர்ந்தால்தான் கட்டுப்பாடு. பத்து வயதுப் பிள்ளையின் கையில் ரொட்வைலரைக் கொடுத்து அனுப்பினால், நாய்தான் பிள்ளையை நடத்திக்கொண்டு போகும். இழுக்க இழுக்க நீளும் வார்கள் இப்போது கடைகளில் நிறைய வந்திருக்கின்றன. வெறும் மைதானத்தில் பரவாயில்லை. சனக்கூட்டத்தில் அது வாரே இல்லை. சைக்கிள் ஓட்டி வருகிறவரின் காலில் சுற்றும்.

வாய்க்கூடு போடுவதானால் கூடை மாதிரியானதைப் போடுங்கள். துணியால் வாயை இறுக்கிக் கட்டும் வகை நம் ஊர் வெயிலுக்குச் சரிவராது. நாய்க்கு உடம்பு முழுதும் வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அனலாய் வீசும் மாதங்களில் நடுப்பகலில் வாயைக் கட்டி நடத்திக்கொண்டு போனால் வெப்பத்தாக்கில் நாய் விழுந்துவிடும். அப்படி விழுந்து என்னிடம் வந்த நாய்கள் எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை. விடிகாலை அல்லது பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு நடத்துங்கள். தார் றோட்டில் உங்கள் புறங்கையைச் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாத சூட்டை நாயின் பாதமும் தாங்காது.

நமது ஊருக்கே உரிய இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் புள்ளிமான்கள் ஆட்களைக் கண்டு பயப்படாமல் திரிகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதையில் நாயை அவிழ்த்து விட்டால் அது விளையாட்டுக்குத்தான் துரத்தும். ஆனால் மானுக்கு அது விளையாட்டு இல்லை. பயந்து ஓடும் மான் முள்ளுக்கம்பியிலும் வாகனத்திலும் போய் மோதும், கடி பெரிதாக இல்லாவிட்டாலும் அதிர்ச்சியிலேயே சாகும். புள்ளிமான் வனஜீவராசிகள் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஆகவே அது வெறும் நாய்ச்சண்டையாக முடியாது.

மற்றது அயலவர் சம்பந்தமானது. இந்த ஊரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே தெருவில் இருக்கிறோம். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது முஸ்லிம் அயலவரின் மார்க்கச் சட்டம். ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளை உடுப்போடு போகிறவர் மேல் உங்கள் நாய் பாசத்தோடு பாய்ந்தாலும், அவர் திரும்பி வீட்டுக்குப் போக வேண்டியதாகிவிடும். "நக்கத்தானே செய்தது" என்று சிரிப்பது சரியில்லை. கோயில் வீதியில் வெறுங்காலோடு வருகிறவர்களுக்கும் இதே மரியாதை உண்டு. தேர், தீர்த்தம், வருடப்பிறப்பு என்று வெடி கொளுத்தும் நாள்களில் நாயை அறைக்குள் விட்டுப் பூட்டுங்கள். வெடிக்குப் பயந்து மதில் பாய்ந்த நாய் வழியில் யாரைக் கடிக்கும், எந்த வாகனத்தில் அடிபடும் என்று சொல்ல முடியாது.

கழிவை அள்ளுவது பற்றிச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. வெளிநாட்டுப் பழக்கம் என்கிறார்கள். ஈர மணலில் நாயின் கொக்கிப்புழுக் குடம்பிகள் உயிரோடு இருக்கும், வெறுங்காலோடு நடக்கிறவரின் தோலுக்குள் புகுந்து நெளிநெளியாகச் சிவந்த கோடு போடும், தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையை நம்பிப் பிழைக்கிற ஊர் இது. ஒரு பொலித்தீன் பையைக் கையில் கொண்டு போவதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குக் குடற்புழு மருந்து கொடுப்பதும் பெரிய செலவா?

இதைவிடப் பெரியது விசர். மனிதருக்கு வரும் விசர்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயினால் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவுவது நின்றுவிடும். அந்த 70இல் உங்கள் நாய் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பதிவும் ஊசியும். குட்டிக்கு விசர் வராது என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. வரும். தெருவில் எடுத்த குட்டியை மடியில் வைத்து வளர்க்கிற பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

கடி பட்டுவிட்டால், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் எல்லோரும் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். கீறல்தானே என்று இருந்துவிடாதீர்கள். ஊசி தேவையா என்பதை அங்கே இருக்கும் டொக்டர் முடிவு செய்யட்டும். கடித்த நாயை அடித்துக் கொன்று புதைக்கிற வழக்கம்தான் எங்களுக்குப் பெரிய தலையிடி. நாயைக் கட்டிவைத்து 14 நாள் பாருங்கள். அதற்குள் செத்தாலோ குணம் மாறினாலோ ஆஸ்பத்திரிக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் உடனே அறிவியுங்கள். தலையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிவரும், அதைக் கையால் தொட வேண்டாம்.

உங்கள் நாய் கடித்திருந்தால் மறைக்காதீர்கள். கடிபட்டவரிடம் நீங்களே போய் ஊசி அட்டையைக் காட்டுங்கள். எந்த நாய், ஊசி போட்டதா, இப்போது எங்கே என்றுதான் ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். அந்த அட்டையை இன்றே படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த வருடத்து அட்டை என்றால், நாயைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். வாரோடு.